ஆராய்ச்சி மணியை யார் அடிப்பது?

மனிதனோடு வாழப் பழகிய விலங்குகளுள் நாய்க்குத் தனியிடம் உண்டு. பசுவைப் பாலுக்காகவும் எருதை உழவுக்காகவும் வளர்த்தோம். நாயோ நம் வாசலைத் தன் வாசலாகவே எண்ணிப் படுத்துக்கொண்டது. வீட்டு நாய் நோயுற்று இறந்தால் வருந்தி அமைகிறோம். வண்டியில் அடிபட்டு இறந்தால் ஓட்டியவனை நோகிறோம். ஆனால், சட்டத்தின் பெயரால் துப்பாக்கி ஏந்தி வந்த ஒருவர் அதனைச் சுட்டு வீழ்த்திவிட்டால் யாரை நோவது? யாரிடம் கேட்பது? கேட்டால் விடை சொல்லும் கடமை எவருக்கேனும் உண்டா? இக்கேள்வி நாயைப் பற்றியது போலத் தோன்றினும், உண்மையில் அதிகாரத்தைப் பற்றியதாகும்.

தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த கதை ஒன்று இதற்கு விளக்கம் தரும். திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மைந்தன் ஓட்டிச் சென்ற தேர்க்காலில் கன்றொன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் ஆராய்ந்து, தன் மகனையும் அவ்வாறே தேர்க்காலில் இட்டான் என்பது வரலாறு. அத்தண்டனை இக்காலத்திற்கு ஏற்குமா என்பது வேறு வினா. கதையின் சாரம் தண்டனையில் இல்லை. அதற்கு முன் நிகழ்ந்த மூன்று செயல்களில் இருக்கிறது. முதலாவது, முறையிட ஒரு மணி இருந்தது. இரண்டாவது, மணியடித்தவர் யார் என்று பாராமல் ஆராய்ச்சி நடந்தது. மூன்றாவது, தீங்கு செய்தவன் தன் மகன் என்பதற்காக மன்னன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இளவரசன் வேண்டுமென்று கொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. எண்ணாது செய்த தீங்கும் விடை வேண்டி நிற்கும் என்பதே அக்கதையின் நெறி.

இந்நெறி நம் வாழ்க்கைக்கு எட்டாத தொலைவில் இல்லை. தஞ்சோங் ரம்புத்தானைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு நாய் ஓர் ஆடம்பரம் அன்று. விடியுமுன் பால்வெட்டச் செல்வோருக்கு முன்னே ஓடி வழித்துணையாயிற்று. பாம்பையும் காட்டுப்பன்றியையும் கண்டு குரைத்தது. பெற்றோர் நிரையில் இருக்கையில் லயத்து வாசலில் பிள்ளைகளுக்குக் காவல் இருந்தது. பின்னர்த் தோட்டங்கள் கைமாறின; துண்டாடப்பட்டன; மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டம் முழுவதையும் தன் முற்றமாகக் கொண்டிருந்த நாய், வேலியும் உரிமமும் வேண்டப்படும் இடத்தில் வந்து நின்றது. அங்கே காவலன் என்று பெயர் பெற்றது, இங்கே தொல்லை என்று பெயர் பெற்றது. நாய் மாறவில்லை, அதற்கு நாம் இட்ட பெயர் மாறிற்று.

பெயரிடுதலின் வலிமையை இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1911-இல் இங்கே மனநல மருத்துவமனை தோன்றியது. இன்று அது பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை என வழங்குகிறது. நோயுற்றோர்க்கு அடைக்கலமாக விளங்கிய ஓர் ஊரின் பெயரை, நாடு முழுவதும் ஏளனச் சொல்லாக வழங்கிவிட்டனர். ஒருவனைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டால், அதன்பின் அவன் கூறுவதை யாரும் செவிமடுப்பதில்லை. அவ்வாறே ஒரு நாயை வெறிநாய் என்றோ தெருநாய் என்றோ சொல்லிவிட்டால், ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிடுகிறது. பெயரே குற்றச்சாட்டாகவும், அதுவே தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது.

இதன் விளைவைப் பம்பாய் நகரம் 1832-இல் கண்டது. ஆங்கிலேய ஆட்சி தெருநாய்களை ஒழிக்க ஆணையிட்டு, கொல்லப்படும் நாய்க்கு இவ்வளவு என்று காவலர்க்குப் பரிசும் அளித்தது. வெருண்டோடும் நாயைத் துரத்துவது கடினம். அழைத்தால் வாலாட்டி வரும் வீட்டு நாயைக் கொல்வது எளிது. ஆகவே காவலர் வீட்டு எல்லைக்குள்ளும் புகுந்தனர். நாயைப் புனிதமாகப் போற்றும் பார்சி மக்கள் ஜூன் மாதத்தில் கிளர்ந்தெழுந்தனர், நகரமே நிலைகுலைந்தது. அதன் பின்னரே நாய்களைக் கொல்லாமல் நகருக்கு வெளியே கொண்டுசெல்லலாம் என்ற இணக்கம் பிறந்தது. முறையிட மணி இல்லாத இடத்தில் மக்கள் கற்களை எடுத்தனர். எண்ணிக்கைக்குப் பரிசு தரும் ஆணை, தீயதை விட்டு எளியதையே வீழ்த்தும் என்பது இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் நோக்குவோம். 2008 ஜூலையில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெர்வின் ஹைட்ஸ் என்னும் சிற்றூரின் நகரத் தலைவர் கால்வோவின் வீட்டிற்குள் ஆயுதப் படையினர் புகுந்தனர். அவர் மனைவியின் பெயருக்கு வந்த கஞ்சாப் பொட்டலமே அதற்குக் காரணம். வீட்டில் இருந்த இரண்டு நாய்களும் சுட்டுக் கொல்லப்பட்டன. நகரத் தலைவரும் அவர் மாமியாரும் கட்டிவைக்கப்பட்டனர். குற்றமற்றோர் முகவரிகளைப் போதைப்பொருள் கடத்துவோர் பயன்படுத்திக்கொண்டனர் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவர் அதனோடு அமைந்துவிடவில்லை. 2009-இல் இத்தகைய படைகள் எங்கெங்கே எத்தனை முறை ஏவப்பட்டன என்று காவல்துறை கணக்குக் காட்ட வேண்டும் என அம்மாநிலம் சட்டம் இயற்றியது. 2013-இல் கொலராடோ மாநிலம் காவலர்க்கு நாய்களைக் கையாளும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. நன்று. ஆயினும், நகரத் தலைவர் என்பதால் அவர் குரல் சட்டமன்றம் வரை எட்டியது. அதே இழப்பு ஒரு தோட்டத் தொழிலாளிக்கு நேர்ந்திருந்தால் எட்டியிருக்குமா? நீதி, மணியடிப்பவனின் கைவலிமையைப் பொறுத்தது ஆகலாமா?

நம் நாட்டிலும் சட்டம் மெல்ல வளர்ந்துள்ளது. 1953-ஆம் ஆண்டின் விலங்குச் சட்டப்படி, விலங்கை வதைத்தவர்க்கு நெடுங்காலம் 200 வெள்ளியே உச்ச அபராதமாக இருந்தது. சிறை விதித்தால் ஆறு மாதம். 2013-இல் அத்தொகை 50,000 வெள்ளியாக உயர்ந்தது. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 20,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க இடமளித்தது. ஆனால், சட்டம் எழுதப்படுவது வேறு. அதிகாரத்தின் மீதே அது பாய்வது வேறு. 2024 அக்டோபரில் திரங்கானு மாநிலத்தின் பெசுட்டில் 'கோப்பி' என்னும் நாயை ஊராட்சி மன்றத்தின் ஆட்கள் சுட்டனர் என்ற குற்றச்சாட்டு எழுந்தபோது நாடே கொதித்தது. காவல்துறைப் புகாரும் வழக்கும் தொடர்ந்தன. தெருவில் வாழ்ந்தாலும் பலர் சோறிட்டுப் பெயரிட்டு வளர்த்த நாய் அது. ஆகவேதான் அதற்காகக் கேட்க ஆட்கள் இருந்தனர்.

இங்கே மறுப்பு ஒன்று எழும். அது புறக்கணிக்கத்தக்கது அன்று. வெறிநாய்க்கடி நோய் முற்றினால் பிழைப்பார் அரியர். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. 2017 முதல் சரவாக்கில் மனித உயிர்களையும் பறித்தது. குழந்தையின் மேல் பாயும் நாயைச் சுடும் காவலரைக் குற்றவாளி என்பார் எவருமிலர். அஃது உண்மையே. ஆனால், தேவை வேறு, வசதி வேறு. சுடுவதைத் தவிர வழியே இல்லாத நொடியில் சுடுவது தேவை. கட்டிவைக்கச் சொல்ல நேரம் இருந்தும், வலை இருந்தும், கதவைச் சாத்த இயன்றும் சுடுவது வசதி. அந்நெருக்கடியான நொடி தானே பிறந்ததா, ஆயத்தமின்றிச் சென்றதால் பிறந்ததா என்பதையும் ஆராய்தல் வேண்டும். வெறிநாய்க்கடியைத் தடுக்கவும் உலகச் சுகாதார நிறுவனம் நாய்களுள் நூற்றுக்கு 70-க்குத் தடுப்பூசி இடுவதையே உறுதியான வழியாகக் காட்டுகிறது. கொன்று குவிப்பதை அன்று.

இன்னொரு மறுப்பு இதனினும் கூர்மையானது. காவல் நிலையங்களில் மனிதரே இறக்கின்றனர். அவர்களுள் நம்மவர் பலர். இந்நிலையில் நாய்க்காகப் பேசுவதா? இவ்வினாவை எழுப்புவோரின் வேதனை நியாயமானது. மனித உயிர் முதன்மையானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டும் பகையான அக்கறைகள் அல்ல. காவல்துறையை ஆராய்ந்த அரச ஆணையம் சுதந்திரமான கண்காணிப்பு அமைப்பு வேண்டும் என்று 2005-இல் பரிந்துரைத்தது. காவல்துறை நடத்தைக்கான சுயேச்சை ஆணையம் செயற்படத் தொடங்கியதோ 2023 ஜூலையில்தான். அதன் அதிகாரம் போதாது என்ற குறையும் உண்டு. கேளாமற் சுடுவதும், சுட்டபின் விளக்கம் தராதிருப்பதும் ஒரு பழக்கம். அப்பழக்கம் நாயின் முன் தொடங்கி நாயோடு நின்றுவிடும் என்பதற்கு எவரும் உறுதி தர இயலாது. சிறியதற்கு விடை சொல்லப் பழகிய அதிகாரமே பெரியதற்கும் விடை சொல்லும்.

அப்படியாயின், பொறுப்பேற்றல் என்பது யாது? குற்றவியல் சட்டம் விலங்கைக் கொல்வதைச் சொத்துக்கு எதிரான குற்றங்களின் அதிகாரத்தில் வைத்துள்ளது. சொத்து என்று கொண்டால் கலப்பின நாய்க்குச் சந்தையில் விலை ஏது? இழப்பீடு சுழியத்தை நெருங்கும். ஆனால், பத்தாண்டு வாசலில் கிடந்த உயிரை இழந்த குடும்பம் ஒரு பொருளை இழந்ததாகக் கருதுவதில்லை. 2007-இல் திருட்டுக் குறுந்தட்டுகளை மோப்பம் பிடித்த லக்கி, புளோ என்னும் இரு நாய்களுக்கு நம் நாட்டில் பதக்கம் அணிவித்தனர். அரசுக்கு உழைத்த நாயின் மதிப்பை அறிந்த அரசு, ஏழைக்கு உழைத்த நாயின் மதிப்பையும் அறியக் கூடும்.

ஆகவே வேண்டுவன நான்கு. நடந்ததை மறைக்காமல் எழுத்தில் உரைத்தல்; சுட்டவரின் துறையைச் சாராத ஒருவர் ஆராய்தல்; பிழையெனின் மன்னிப்பும் ஈடும் வழங்குதல்; மீண்டும் நிகழாவண்ணம் விதியையும் பயிற்சியையும் திருத்துதல். பழிவாங்குதல் இவற்றுள் ஒன்றன்று. நாய் வளர்ப்போர்க்கும் பங்குண்டு. உரிமம் பெறாமலும் தடுப்பூசி இடாமலும் தெருவில் அலையவிட்டுப் பின் அதிகாரத்தை மட்டும் நோவது முறையாகாது.

திருவள்ளுவர் கொல்லாமையைத் துறவறத்தில் வைத்தார். செங்கோன்மையை அரசியலில் வைத்தார். முன்னதை எல்லாரும் கடைப்பிடித்தல் அரிதாகலாம். பின்னதை ஆள்வோர் கடைப்பிடித்தே ஆகவேண்டும். வகுப்பறையில் மனுநீதிச் சோழனைக் கற்பிக்கும் ஆசிரியர், மன்னனின் தியாகத்தோடு பாடத்தை முடித்துவிடாமல், மாணவரிடம் இன்னொன்றையும் கேட்கலாம்: அன்று பசுவுக்கே எட்டும் உயரத்தில் மணி தொங்கியது, இன்று நம் ஊரில் அது எந்த உயரத்தில் தொங்குகிறது?