காட்டுவழியில் பின்தங்கும் அடியார்

கதிர்காமப் பாதயாத்திரை என்றதும் கிழக்கிலங்கை அடியார்களின் மனக்கண்ணில் முதலில் தோன்றுவது உகந்தையைத் தாண்டிய காடுதான். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வேலுடன் புறப்படுவோர் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என்று கரையோரமாக ஒன்றரை மாதத்துக்கு மேல் நடந்து வருகின்றனர். ஆயினும் அவ்வழி நெடுகிலும் ஊருண்டு, கோயிலுண்டு, அன்னதானமுண்டு. கால் வீங்கினால் ஒரு மடத்தில் இரண்டு நாள் படுத்திருக்கலாம். முடியாவிட்டால் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். உகந்தைமலை முருகன் சந்நிதியில் கற்பூரம் ஏற்றிக் காட்டுக்குள் கால் வைத்த பின்னர் அந்த வசதி இல்லை. வாகூரவட்டை, குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் என்று தங்கலுக்குத் தங்கல் நடந்தே தீரவேண்டும். நான்கு ஐந்து நாள் வழி அது. ஆடிமாதக் கச்சான் காற்று அனலாய் வீசும். வெயில் ஏறுமுன் அடுத்த தங்கலைப் பிடித்துவிட வேண்டுமென்று விடியுமுன்னரே எழுந்து நடப்பார்கள்.

அந்த வழியில் ஒருவர் பின்தங்கினால் ஏனையோர் என்ன செய்வது? கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆனால் யாத்திரை போய்வந்தவர்கள் வீட்டுத் திண்ணையில் இருந்து பேசும்போது அதிகம் வாக்குவாதப்படுவது இதைப் பற்றித்தான்.

ஒரு குழுவை எண்ணிப் பார்க்கலாம். இருபது பேர். அவர்களுள் சிறு பிள்ளைகள் மூவர். அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர், மகனுக்காக வைத்த நேர்த்தியை நிறைவேற்ற வந்தவர். குமுக்கன் ஆற்றைக் கடந்து மணற்பாதையில் ஏறியதும் அவர் குதிக்காலில் வெடிப்புக் கண்டு இரத்தம் வடிகிறது. அவருக்குச் சீனி வருத்தம் உண்டென்பது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவருகிறது. "நீங்க போங்க சாமி, நான் மெள்ள வாறன்" என்கிறார். குழுவிலே கொடியேற்றத்துக்கு முன் மாணிக்க கங்கையில் நீராடுவதாக நேர்த்தி வைத்தவர்களும் உண்டு. கலன்களில் தண்ணீர் அரைவாசிக்குக் கீழே. மாலைப்பொழுதில் யானை இறங்கும் இடம். நின்றால் பிள்ளைகளுக்கு ஆபத்து, நடந்தால் அந்த அம்மாவுக்கு ஆபத்து.

போவோம் என்பவரைக் கல்நெஞ்சரென்று எழுந்தமானமாகச் சொல்லிவிட முடியாது. நேர்த்தி என்பது இறைவனோடு செய்துகொண்ட வாக்கு. அதைத் தவறவிடுவதற்கு அஞ்சுவதும் பக்தியின் ஒரு பகுதியே. முருகன் காப்பான் என்று அந்த அம்மாவை அவன் கையில் ஒப்படைத்துச் செல்வதாகவும் அவர்கள் சொல்லக்கூடும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. முருகன் காப்பான் என்ற நம்பிக்கை தன் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது நம்பிக்கை. பிறர் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது அது பெரும்பாலும் கை கழுவுவதற்கு ஒரு வார்த்தையாகிவிடுகிறது.

பெரிய புராணம் கூறும் அப்பர் சுவாமிகளின் கயிலை யாத்திரையை இவ்விடத்தில் நினைவுகூர்வது பொருந்தும். கால் தேய்ந்தபோது கையால் தவழ்ந்தார், கை தேய்ந்தபோது மார்பால் ஊர்ந்தார், உடம்பைப் புரட்டிச் சென்றார். திரும்பிப் போ என்று முனிவர் வடிவில் வந்த இறைவனே சொல்லியும் கேட்டாரில்லை. அவ்வளவு உறுதி. ஆனால் அவர் தனியாகப் போனார். அழிந்தது அவருடைய உடம்பு மாத்திரமே. அதைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை இருந்தது. இருபது பேராக நடப்பவர்களுக்கு அந்த உரிமை அதே அளவில் இல்லை. ஒருவருடைய நேர்த்திக்கு மற்றொருவருடைய காலைப் பணயம் வைப்பது அப்பர் வழியாகாது. அவரும் நடந்து கயிலையை அடையவில்லை என்பது கவனிக்கற்பாலது. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார், காட்சி அங்கே கிடைத்தது.

பாரதத்தின் முடிவில் பாண்டவர் வடதிசை நோக்கி நடந்த கதையும் கூட்டமாக நடந்த கதைதான். திரௌபதி விழுகிறாள், பின் சகாதேவன், நகுலன், அருச்சுனன், வீமன். தருமர் திரும்பிப் பார்க்காமலே நடக்கிறார். அதைக் காட்டி, பார்த்தீர்களா, தருமரே நிற்கவில்லை என்று வாதிப்போர் உண்டு. ஆனால் அதே தருமர், கூடவே வந்த நாயை விட்டுவிட்டு இந்திரனுடைய தேரில் ஏற மறுத்துவிடுகிறார். தம்பிமாரை விட்டவர் நாயை ஏன் விடவில்லை? இந்திரனுக்கு அவர் சொல்லும் விடை தெளிவானது. இறந்தவர்களை உயிர்ப்பிக்க அவரால் முடியாது. உயிரோடு இருந்தவரை அவர்களை அவர் கைவிடவில்லை. நாயோ உயிரோடு, அவரையே நம்பிப் பின்னால் வருகிறது. ஆகவே தருமர் காட்டிய எல்லை உயிருக்கும் சாவுக்கும் இடையில் இருக்கிறது. வேகத்துக்கும் மந்தத்துக்கும் இடையில் இல்லை. குதிக்கால் வெடித்த அம்மா எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதற்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

இவ்வளவும் சொல்லி, பின்தங்கியவர் மீது ஒரு குறையும் இல்லையென்று விட்டுவிடலாகாது. அந்த அம்மா தம் வருத்தத்தை உகந்தையிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் மறைத்தார். பக்தியால் மறைத்தாலும் மறைத்தது மறைத்ததுதான். அதன் பாரம் பத்தொன்பது பேர் தலையில் ஏறியது, அவர்களுள் சிறு பிள்ளைகளும் உண்டு. நம் ஊர்களில் வயது போனவர்கள் பலர் இப்படித்தான். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று நோயை மறைப்பார்கள், கடைசியில் பெருந்தொந்தரவாக முடியும்.

இன்னொன்று. முன்னைய காலத்தில் இவ்வழியே சிறு சிறு கூட்டங்களாகவே சென்றனர். போர்க்காலத்தில் பாதை நெடுநாள் தடைப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னர் தொகை ஆயிரக்கணக்கில் பெருகியது. இப்போது காட்டுக்குள்ளேயே சில தங்கல்களில் பவுசரில் தண்ணீர் வருகிறது, மருந்து கட்டுவதற்கும் ஆட்கள் நிற்கிறார்கள். தண்ணீர் இல்லை, நிற்க முடியாது என்ற பழைய நியாயம் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனாலும் பின்தங்கியவர்கள் பின்தங்கியபடியேதான் வருகிறார்கள். கூட்டம் பெருத்தால், யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பது இயல்பு. இருபது பேரில் ஒருவர் குறைந்தால் உடனே தெரியும். இரண்டாயிரம் பேரில் தெரியாது.

பழைய யாத்திரிகர்களிடம் பேசினால், வேல் தாங்குபவர் முன்னே போகட்டும், விபரம் தெரிந்த ஒருவர் கடைசி ஆளுக்கும் பின்னால் வரவேண்டும் என்பார்கள். அவருக்குப் புகழில்லை, படமெடுப்பாரும் இல்லை. எல்லோரும் குளித்து முடித்த கலங்கல் தண்ணீர்தான் அவருக்குக் கிடைக்கும்.

மேலே சொன்ன குழுவுக்குத் திரும்பினால், அவர்கள் செய்யக்கூடியது எல்லோரும் நிற்பதுமல்ல, எல்லோரும் போவதுமல்ல. பிள்ளைகளோடு பன்னிரண்டு பேர் பொழுது சாயுமுன் நாவலடிக்குப் போகலாம். அம்மாவின் மூட்டையை நாலாகப் பிரித்துச் சுமந்துகொண்டு ஏழு பேர் அவருடைய நடைக்கு நடக்கலாம். அந்த ஏழு பேரில் கொடியேற்றத்துக்கு முன் நீராட நேர்த்தி வைத்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில்தான் விடயம் தங்கியிருக்கிறது. வைக்காதவர்கள் மாத்திரம் நின்றால் அது வெறும் வசதி. வைத்தவர் ஒருவராவது நின்றால், ஒரு நாள் பிந்தி மாணிக்க கங்கைக்கு வந்து, மருதமர நிழலில் அந்த அம்மாவின் காற்கட்டை அவிழ்த்துக் கழுவிய பின், தாமும் அதே தண்ணீரில் இறங்குவார்.