ஒருநாள் உல்லாசமும் ஓர் அறக்கேள்வியும்

அறம் என்றவுடன் நம் எண்ணம் பெரிய செயல்களை நோக்கியே ஓடுகிறது. கொடை, வாய்மை, வீரம், தியாகம் என்று அடுக்கிப் பார்க்கிறோம். ஆயினும் ஒரு மனிதனின் உள்ளம் எத்தகையது என்பதை அறியப் போர்க்களம் வரை போக வேண்டியதில்லை. விடுமுறை நாளில் அவன் தன் குடும்பத்தில் யாரை அழைத்துச் செல்கிறான், யாரை விட்டுச் செல்கிறான் என்று பார்த்தாலே போதும். கடலோரக் கேளிக்கைப் பூங்காவுக்கு ஒருநாள் சென்று திரும்புவதில் என்ன அறச்சிக்கல் இருந்துவிடும் என்று அன்பர்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தவன்தான்.

முதலில் இந்த ஓய்வு நாளின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். உழைப்பவனுக்கு ஓய்வு தானாக வந்து வாய்த்ததன்று. நாம் வாழும் இம்மும்பை மாநகரின் பஞ்சாலைத் தொழிலாளர் ஞாயிறு விடுமுறையை 1890ஆம் ஆண்டில்தான் பெற்றனர். அதற்காக நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் 1871இல் வந்தது. லங்காஷயர் ஆலைகள் ஆண்டுக்கொருமுறை மூடப்பட்ட நாள்களில் தொழிலாளர் குடும்பம் குடும்பமாக இரயிலேறிப் பிளாக்பூல் கடற்கரைக்குச் சென்றனர். அக்கடற்கரையிலே 1896இல் 'பிளஷர் பீச்' என்னும் கேளிக்கைப் பூங்கா தோன்றியது. நியூயார்க்கின் கோனி தீவில் 1884இல் தாம்சன் என்பவர் ஏறியும் இறங்கியும் செல்லும் தண்டவாளத்தின்மீது வண்டியை ஓடவிட்டு, ஐந்து சென்ட் கட்டணத்தில் மக்களை ஏற்றினார். 1893இல் சிகாகோ கண்காட்சியில் பெர்ரிஸ் என்னும் பொறியாளர் நிறுத்திய இராட்சத இராட்டினத்தின் உயரம் 264 அடி. அதில் 36 பெட்டிகள். பெட்டி ஒன்றுக்கு 60 பேர். வாரமெல்லாம் முதுகு வளைந்தவர்கள் ஒரு நாழிகையாவது வானத்தைத் தொட்டு வரட்டும் என்பதே இவை அனைத்தும் விற்ற கனவு.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம்மைப் போன்றோர்க்கு அக்கனவின் விலை இன்னும் கூடுதல். ஊருக்குப் போக வேண்டிய விடுப்பை ஒவ்வொரு நாளாகச் சேர்த்து வைக்கிறோம். அதில் ஒரு நாளை எடுத்துக் கேளிக்கைக்குச் செலவிடுவதென்றால் வீட்டில் ஒரு பட்ஜெட் கூட்டமே நடக்கும். நாள் ஒன்று, பணம் கொஞ்சம், உடல் வலிமை அளவானது. பங்கு கேட்பவர்களோ ஐவர் அறுவர். குறைவான பொருளைப் பலருக்குப் பங்கிடும் இடமெல்லாம் நீதி பிறக்கும் இடமாகும். ஆதலால் உல்லாசப் பயணத்துக்குத் திட்டமிடும் குடும்பத் தலைவன், தான் அறியாமலே ஒரு நீதிபதியின் இருக்கையில் அமர்கிறான்.

கேளிக்கை வாழ்வின் இலக்காகாது, மீண்டும் உழைப்பதற்கு வேண்டிய இளைப்பாறலே அது என்று அரிஸ்டாட்டில் கருதினார். தனி மனிதன் ஒருவனைப் பொறுத்தவரை அது பொருந்தலாம். குடும்பம் என்று வரும்போது வேறொரு கேள்வி எழுகிறது. ஒருவரின் இளைப்பாறல் மற்றொருவரின் சுமையாகலாமா? சுமையை ஏற்பவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிவிட்டால் நம் கடன் தீர்ந்துவிடுமா? இக்கேள்வியை எனக்குக் கற்பித்தவர் என் அன்னையார்.

மும்பையின் வடமேற்கே, உப்பங்கழிக்கு அப்பால் உள்ள கோராயில் 1989ஆம் ஆண்டு எஸ்ஸெல் வேர்ல்டு திறக்கப்பட்டது. அந்நாளில் பம்பாய்ப் பிள்ளைகளுக்கு அதுவே தேவலோகம். 1994ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் நாங்களும் செல்வதென்று முடிவாயிற்று. மாட்டுங்கா ரோடு நிலையத்தில் மின்ரயில். போரிவலியில் இறங்கிப் பேருந்து. பிறகு கழியைக் கடக்கப் படகு. எந்த வண்டியைப் பிடிப்பது, புளியோதரை எத்தனைப் பொட்டலம், தண்ணீர் எத்தனைப் பாட்டில், எந்த விளையாட்டில் முதலில் நிற்பது என்று ஒரு தாள் நிறைய எழுதி வைத்திருந்தேன்.

அம்மா அப்போது எங்களோடு இருந்தார்கள். திருச்செந்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அப்பா மறைந்தபின் எங்களோடு வந்து, இரண்டு அறைக் குடியிருப்பின் சன்னலோரத்தில் நான்கு ஆண்டுகளைக் கழித்திருந்தார்கள். "நீங்கள் எல்லாரும் போய் வாருங்கள் ஐயா, இந்தக் கிழவிக்கு அங்கே என்ன வேலை?" என்றார்கள். நான் ஒருமுறை கேட்டேன். அவர்கள் ஒருமுறை மறுத்தார்கள். உண்மையைச் சொல்வதானால், அந்த மறுப்பு எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஒரு சீட்டின் பணம் மிச்சம். படகில் ஏற்றி இறக்கும் தொல்லையும் மிச்சம். அந்த நிம்மதிக்கு நான் இட்ட பெயர், 'அம்மாவின் விருப்பத்தை மதித்தல்'.

நாள் இனிதே கழிந்தது. தாளில் எழுதியவற்றுள் பெரும்பாலானவற்றை முடித்தோம். இரவு வீடு திரும்பியதும் பிள்ளைகள் ஆச்சியைச் சூழ்ந்துகொண்டு, தலைகீழாகச் சுழன்றதையும் அலறியதையும் அளந்தார்கள். அனைத்தையும் சிரித்த முகத்தோடு கேட்ட அம்மா, கடைசியில் என்னைப் பார்த்து, "அங்கே கடல் பக்கத்தில்தானே? அலை எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள்.

எனக்கு மறுமொழி இல்லை. கடல் அருகில்தான் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பார்க்கவில்லை. கடலைப் பார்க்கத் தவித்த ஒருத்தியை வீட்டில் இருத்திவிட்டு, கடலை ஏறெடுத்தும் பாராத நான்கு பேர் கடலோரம் போய் வந்திருக்கிறோம்! அலையோசை கேட்டு வளர்ந்த அந்தச் செவிகள் நான்கு ஆண்டுகளாக மின்ரயிலின் ஓசையை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தன என்பது அன்று இரவுதான் எனக்கு உறைத்தது.

தமிழிலக்கியம் கற்றோர்க்குக் கடற்கரையின் இன்பநாள் என்றதும் சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை நினைவுக்கு வரும். இந்திரவிழாவின் நிறைவில் புகார் நகரமே கடலாடச் செல்கிறது. கோவலனும் மாதவியும் செல்கின்றனர். கானலில் யாழிசை எழுகிறது. பாட்டின் பொருளைத் தவறாகக் கொண்டு இருவரும் பிரிகின்றனர். இவ்வளவும் நாம் அறிந்ததே. அந்நாளில் கண்ணகி எங்கே இருந்தாள் என்று நாம் கேட்பதுண்டா? அவள் வீட்டில் இருந்தாள். ஊரெல்லாம் கடலாடிய நாளில் ஒரு வீட்டில் ஒருத்தி தனித்திருந்தாள். காப்பியத்தின் பின்வரும் துயரெல்லாம் பிறந்தது கடற்கரையில் மட்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தனித்த வீட்டிலும் அதற்கொரு வேர் இருந்தது. விழாவின் நிறைவைக் கூட்டத்தின் பெருக்கத்தால் அளப்பது எளிது. வீட்டில் யார் எஞ்சியிருக்கிறார் என்று பார்த்து அளப்பதே நேரிய அளவு.

நம் முன்னோரின் உல்லாச நாள்களை எண்ணிப் பாருங்கள். ஆடிப்பெருக்கன்று கட்டுச்சோற்று மூட்டையோடு காவிரிக் கரைக்கு வீடே திரண்டு செல்லும். கைக்குழந்தையும் வரும், கண் மங்கிய பாட்டியும் வருவாள். காணும் பொங்கலன்று சென்னைக் கடற்கரை மணலில் மூன்று தலைமுறையும் ஒரே விரிப்பில் அமர்ந்திருக்கும். ஆறு யாரையும் உயரம் அளந்து ஏற்பதில்லை. மணல் யாருடைய வயதையும் கேட்பதில்லை. இன்றைய பூங்காவிலோ ஒவ்வோர் இராட்டினத்தின் வாயிலிலும் ஓர் அளவுகோல் நிற்கிறது. இந்த உயரத்துக்குக் குறைந்தவர் ஏறலாகாது, இதய நோயாளர் ஏறலாகாது, கருவுற்றோர் ஏறலாகாது. பாதுகாப்புக்கு அது இன்றியமையாதது; அதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் அதன் விளைவைக் கருத வேண்டும். ஒன்றாக வந்த குடும்பத்தைப் பொறி பிரித்து நிறுத்துகிறது. ஏறத் தக்கவர் ஒரு புறம். பையைக் காப்பவர் மறுபுறம். பொறி பிரித்ததை மீண்டும் சேர்க்கும் பொறுப்பு திட்டமிடுபவனைச் சார்ந்தது.

"பெரியவர்களே வேண்டாம் என்று சொன்ன பிறகு வற்புறுத்துவது முறையா? அவர்கள் சொல்லை அப்படியே ஏற்பதல்லவா மதிப்பு?" என்று வினவலாம். இது தக்க வினாவே. பிறர் விருப்பத்தை நாமே முடிவு செய்து, அன்பின் பெயரால் இழுத்துச் செல்வதும் ஒருவகை ஆதிக்கம்தான். முழங்கால் வலியோடு இருப்பவரை வெயிலில் நிறுத்தி, 'பார்த்தீர்களா, உங்களையும் அழைத்து வந்தோம்' என்று பெருமை கொள்வோரும் உளர். அது அவருக்குச் செய்த நன்மையாகாது; நம் மனச்சான்றுக்குச் செய்துகொண்ட உபசாரம்.

ஆயினும் 'நான் வரவில்லை' என்னும் சொல்லுக்கு ஒரே பொருளா உண்டு? மெய்யாகவே மனமில்லை என்பது ஒரு பொருள். என்னால் உங்களுக்குச் செலவும் சிரமமும் வேண்டாம் என்பது இரண்டாம் பொருள். இன்னொருமுறை கேளுங்கள் என்பது மூன்றாம் பொருள். பந்தியில் இலைமேல் கையை மறைத்துப் 'போதும் போதும்' என்பவரின் முகம் பார்த்து, இன்னும் ஒரு கரண்டி இடத் தெரிந்தவர்கள் நாம். விருந்தினரின் 'போதும்' நமக்கு விளங்குகிறது. பெற்ற தாயின் 'வேண்டாம்' மட்டும் விளங்காமல் போவது எதனால்? அது விளங்காதிருப்பது நமக்கு வசதியாக இருப்பதனால்தான்.

ஆதலின் கேட்கும் முறை மாற வேண்டும். 'நீங்களும் வருகிறீர்களா?' என்னும் கேள்வி, முடிந்துபோன திட்டத்தில் ஒட்டிக்கொள்ள இடுகின்ற அழைப்பு. அதற்கு மானமுள்ள முதியவர் மறுமொழி 'இல்லை' என்றே இருக்கும். 'அங்கே உங்களுக்கு என்ன பார்க்க வேண்டும்?' என்னும் கேள்வியோ அவரையும் திட்டத்தின் உரிமையாளர் ஆக்குகிறது. அதற்குப் பின்னும் அவர் வரவில்லை என்றால், அச்சொல்லை முழு மனத்தோடு மதிக்கலாம்.

அடுத்த ஆண்டு அவ்வாறே கேட்டேன். அம்மா சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "படகில் போனால் போதும்" என்றார்கள். அவ்வளவுதான் அவர்கள் ஆசை! அம்முறை தாளில் முதல் வரியாகப் படகையும் இறுதி வரியாகக் கோராய்க் கடற்கரையையும் எழுதினேன். இடையில் பிள்ளைகளின் விளையாட்டுகள். நிழலில் ஆச்சியோடு இருப்பதற்கு மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டோம். பிள்ளைகளுக்கும் முறை உண்டு. தம் முறை வந்தபோது அவர்கள் முகம் சுளித்தது உண்மை. விளையாட்டுகள் சில குறைந்ததும் உண்மை. அறம் செலவில்லாமல் வருமென்று நான் சொல்ல வரவில்லை.

படகில் அம்மா விளிம்போரம் அமர்ந்து, கையை நீட்டி நீரைத் தொட்டு, விரலை நாவில் வைத்துப் பார்த்தார்கள். "நம்ம ஊர் உப்புத்தான்" என்றார்கள். அன்று பூங்காவில் எந்தெந்தப் பொறியில் ஏறினாள் என்பது என் மகளுக்கு இன்று நினைவில்லை. கிழக்கிருந்து வருவது கொண்டல், தெற்கிருந்து வருவது தென்றல், மேற்கிருந்து வருவது கோடை, வடக்கிருந்து வருவது வாடை என்று தன் முறை மணிநேரத்தில் ஆச்சி சொல்லித் தந்தது மட்டும் நினைவில் இருக்கிறது. அவள் இப்போது அதைத் தன் மகனுக்குச் சொல்லித் தருகிறாள்.

காலம் சுழன்றுவிட்டது. அம்மா இல்லை. அந்த எஸ்ஸெல் வேர்ல்டின் இராட்டினங்களும் ஓய்ந்துவிட்டன. அதன் அருகே 1998இல் தொடங்கிய நீர்விளையாட்டுப் பூங்காவுக்கே இப்போது பிள்ளைகள் செல்கின்றனர். அதன் பக்கத்தில் தூணேதுமின்றி எழுந்த பெருங் குவிமாடமாக 2009இல் திறக்கப்பட்ட விபாசனா பகோடா நிற்கிறது. ஆரவாரத்தை நாடுவோரும் அமைதியை நாடுவோரும் ஒரே படகில் ஏறி அக்கரை சேரலாம். அனைவரும் ஒன்றையே விரும்ப வேண்டும் என்பதில்லை. அனைவர் விருப்பத்துக்கும் படகில் இடம் இருந்தால் போதும்.

சென்ற மாதம் என் பேரன் கைப்பேசியில் நுழைவுச் சீட்டு எடுத்துக்கொண்டே, "தாத்தா, நீங்களும் வருகிறீர்களா?" என்று கேட்டான். "நான் எதற்கு? நீங்கள் போய் வாருங்கள்" என்று என் வாய் தானாகச் சொல்லிற்று. சொல்லி முடித்தபின்தான் அது என் அம்மாவின் குரல் என்று உணர்ந்தேன். அச்சொல்லுக்குள் என்ன இருந்தது என்பதை முப்பது ஆண்டுகளுக்குப் பின் உள்ளிருந்தே அறிந்தேன்: முழங்கால் வலி கொஞ்சம், செலவு பற்றிய தயக்கம் கொஞ்சம், இன்னொருமுறை கேட்க மாட்டானா என்னும் ஏக்கம் கொஞ்சம்.

கேட்பவர்க்கு ஒரு கடமை இருப்பதுபோல் கேட்கப்படுபவர்க்கும் ஒன்று உண்டு என்பது அப்போது புலனாயிற்று. மனத்தில் உள்ளதை மறைத்து, பிள்ளைகளே அதைக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பதும் அவர்கள்மீது ஏற்றும் சுமைதான். ஆதலால் அவனை அழைத்து, "பேராண்டி, நீர்விளையாட்டு எனக்கு வேண்டாம். படகில் விளிம்போரம் ஓர் இடம் போதும்" என்றேன்.

அவன் சிரித்துக்கொண்டே தன் பட்டியலில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டான்.