வரிசையில் வைத்த கல்

என் அக்காவின் கணவர் நியூ ஜெர்சியில் மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்த காலம். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். 2023இல் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார்: "எனக்கு முன்னாடி ஆட்களை நுழைக்கிறாங்களாமே மாப்ளே, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த விதியைத்தான் சொன்னார். இரத்தத்தின் கிரியாட்டினின் அளவைக் கொண்டு, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள். 2009இல் வந்த சூத்திரத்தில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159 ஆல் பெருக்க வேண்டும். அவர்களுக்குத் தசை அதிகம் என்ற அனுமானம் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விடை 20 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான், டயாலிசிஸுக்கு முன்பே காத்திருப்புக் காலம் எண்ணப்படும். மற்றவருக்கு 18 என்று வரும் இடத்தில் கறுப்பினத்தவருக்கு ஏறக்குறைய 21 வரும். நோய் ஒன்றுதான்; ஆனால் அவருடைய காலம் எண்ணப்படாது.

2021இல் இனம் நீக்கிய சூத்திரம் வந்தது. பட்டியலில் இருக்கும் கறுப்பினத்தவர் இழந்த காலத்தைத் திருப்பித் தரும்படி 2023 விதி சொன்னது.

அத்தானின் கேள்வி நியாயமானது. தப்பு அவருடையது அல்ல. ஆனால் தப்பு செய்யாதவர் தப்பால் பயன் பெறவில்லை என்று சொல்லிவிட முடியாது. சிறுவயதில் எங்கள் ஊர் ரேஷன் கடையில் கல்லை வைத்து இடம் பிடிப்போம். யாரோ ஒருவர் பின்னால் எறிந்துவிட்ட கல்லை எடுத்து அதன் இடத்தில் திருப்பி வைத்தால், அது குறுக்கே நுழைவது ஆகாது.

இதை அவரிடம் சொன்னேன். சொல்லாத ஒன்றும் உண்டு. இருபது வருடமாக நானும் வாடிக்கையாளர் தரும் எண்களை ஏன் என்று கேட்காமல் நிரலில் எழுதி வருகிறேன். எங்கள் தொழிலில் பிழையைத் திருத்திவிட்டால் வேலை முடிந்தது. இங்கே அப்படியில்லை. பழைய பரிசோதனை முடிவுகளைக் காட்ட முடிந்தவர்களுக்கே காலம் திரும்பியது. பட்டியலுக்கு வராமலே இறந்தவர்களுக்கு எதைத் திருப்புவது?

அத்தான் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரிதான் மாப்ளே. அவங்களும் எவ்வளவு நாளா நின்னாங்களோ" என்றார். மறுநாள் காலை அவருக்கு டயாலிசிஸ் இருந்தது.