விட்டுக் கொடுத்தால் விழுந்துவிடுவோமா?

'விட்டுக் கொடுத்தால் தோற்றுவிடுவோமே' என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. விட்டுக் கொடுப்பதும் கைவிடுவதும் ஒன்றா?

1972, ஜூன் 21. பிரான்ஸ் நாட்டு விமானி ழான் பூலே, 'லாமா' ஹெலிகாப்டரில் தனியாக 12,442 மீட்டர் உயரம் ஏறி உலக சாதனை படைத்தார். (இதே ரகம்தான் நம் நாட்டில் 'சீட்டா' என்ற பெயரில் தயாரானது.) இறங்கத் தொடங்கும்போது இன்ஜின் அணைந்துவிட்டது!

இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழுந்துவிடும் என்றுதானே நினைப்போம்? உயரத்தை இழக்க மனமில்லாமல் இழுத்துப் பிடித்தால்தான் அந்த ஆபத்து. மேலே சுழலும் விசிறி வேகம் குறைந்துவிடும். உடனே விசிறியின் சாய்வைக் குறைத்து, இறங்கச் சம்மதித்தால், கீழிருந்து எதிர்த்து வரும் காற்றே அதைச் சுழற்றும். தரையை நெருங்கும்போது சாய்வைக் கூட்டினால் மெத்தென்று இறங்கலாம். அவசரப்பட்டு முன்பே கூட்டினால், சேர்த்துவைத்த வேகம் வீணாகும். பூலே இப்படித்தான் பத்திரமாகத் தரை சேர்ந்தார்.

அவர் விட்டது உயரத்தை, நிதானத்தை அல்ல. குடும்பத்திலும் 'நான் சொன்னதே சரி' என்ற உயரத்தை விடலாம், பொறுப்பை விடக்கூடாது.

இந்தப் பக்குவம் ஆபத்து நேரத்தில் திடீரென்று வராது, சகோதரிகளே! இன்ஜின் நன்றாக ஓடும் நாட்களிலேயே விமானிகள் இதைப் பழகுகிறார்கள். வீடு அமைதியாக இருக்கும்போதே, சின்னச் சின்ன விஷயங்களில் நாமும் பழகிக்கொள்வோமே!