பிராரப்தமும் பணிவிடையும்

பாரிசவாயு கண்டு ஒரு பக்கம் விழுந்துபோனவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, "எல்லாம் பிராரப்தம்" என்று சொல்லிச் செல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் கொடியவர் எவருமில்லை. ஆயினும் அவ்வார்த்தை ஆறுதலுக்காகச் சொல்லப்படுகிறதா, விசாரணையை முடித்துவைப்பதற்காகச் சொல்லப்படுகிறதா என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

நார்வே தேசத்து திரொண்ட்ஹைம் நகரில், 1980-களில், இந்நோய் கண்ட 220 பேரை, சீட்டுப்போட்டுப் பிரிப்பதுபோல் இரு கூறாக்கி, 110 பேரைப் பக்கவாதத்துக்கென்றே அமைத்த தனிப்பிரிவிலும் மற்ற 110 பேரைப் பொது வார்டுகளிலும் சேர்த்தார்கள். தனிப்பிரிவில் அதிசய மருந்து ஏதுமில்லை. காய்ச்சல் கண்டால் தணிப்பது, உடலில் நீர் குறையாமல் காப்பது, கூடிய சீக்கிரம் எழுப்பி உட்காரவைத்து நடக்கப் பழக்குவது ஆகியவற்றை வைத்தியரும் தாதியரும் ஒரே குழுவாகத் தவறாமல் செய்தார்கள், அவ்வளவே. ஆறு வாரத்துக்குமேல் எவரையும் அங்கே வைத்திருக்கவுமில்லை.

இக்காலத்து நல்ல பிரிவுகளில் தாதி நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு தேக்கரண்டித் தண்ணீரை வாயிலிட்டு, இருமல் வருகிறதா, குரலில் ஈரம் தட்டுகிறதா, உதட்டோரம் வழிகிறதா என்று பார்த்த பிறகே ஆகாரம் கொடுக்கிறாள். அதைச் செய்யாத இடத்தில், அன்பு மிகுந்த உறவினர் ஊற்றும் காப்பியே மூச்சுக்குழலில் இறங்கி, இரண்டொரு நாளில் நிமோனியாவாக மூண்டுவிடக்கூடும். பிறகு, வாசற்படியில், பிராரப்தம்!

நம் சாஸ்திரகாரர்கள் கர்மத்தைச் சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பகுத்து, பிராரப்தத்தை வில்லைவிட்டுப் புறப்பட்ட அம்புக்கு ஒப்பிட்டார்கள். மூளையின் ரத்தக்குழாய் அடைபட்ட கணம் அந்த அம்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கட்டிலில் கிடப்பவனுக்குப் பிராரப்தமாய் வந்த அதே நாழிகை, அருகே நிற்கும் தாதிக்கும் வைத்தியருக்கும், போதிய தாதியரை நியமிக்காத அதிகாரிக்கும், இனிமேல் ஈட்டப்போகிற ஆகாமியமாயிற்றே! பிறனுடைய கணக்கை உரக்க வாசித்துவிட்டுத் தன் கணக்கை மூடிவைக்க எந்த வேதாந்தமும் அனுமதி கொடுத்ததாக நான் அறியேன்.

மனித யத்தனம் மரணத்தை வென்றது என்று சொல்ல நான் வரவில்லை. பத்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, திரொண்ட்ஹைமில் பொது வார்டுகளில் சேர்ந்தோரில் 96 பேரும், தனிப்பிரிவில் சேர்ந்தோரிலேயே 83 பேரும் இறந்திருந்தார்கள். உயிரோடு தம் சொந்த வீட்டில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள், பொது வார்டுகளில் சேர்ந்தோரில் 9 பேர். தனிப்பிரிவில் சேர்ந்தோரில் 21 பேர்.