முதல் காட்சியிலேயே நாயகன் மரணம்

பொதுத்தேர்வு முடிந்து வீட்டில் இருக்கும் பிள்ளை கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே முகம் சுளிக்கும். அப்படிப்பட்ட பிள்ளையோடு பார்க்க உகந்தது 'அந்த நாள்'. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கியது. பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார்.

கதாநாயகனே போய்விட்டால் மிச்சப் படத்தில் என்ன இருக்கும்? அந்தக் கேள்விதான் கைப்பேசியைக் கீழே வைக்கச் செய்கிறது. விசாரணையில் ஆளுக்கொரு கதை சொல்லச் சொல்ல, சந்தேகம் இடம் மாறிக்கொண்டே போகும். படத்தில் வருவதுபோல் சென்னையில் ஜப்பான் குண்டு வீசியது நிஜமா என்று பிள்ளை கேட்கும். நிஜம்தான், 1943 அக்டோபரில்.

கொலையாளி யார் என்று பெரியவர்கள் வாய் தவறியும் சொல்லிவிடக் கூடாது. நடுவில் நிறுத்தி "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கவும் கூடாது.

மறுநாள் ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை' (1964) போடலாம். நாகேஷ் திகில் கதை சொல்லும் காட்சியில் பாலையாவை மட்டும் கவனிக்கச் சொல்ல வேண்டும். அவருக்கு வசனம் அதிகமில்லை. கதை முற்ற முற்ற அந்த முகம் வெளிறுவதிலேயே பாதிச் சிரிப்பு பிறக்கிறது.