தக்காளிக்கு ஏது குலம்?

"உள்ளூர் விளைபொருளே உயர்ந்தது" என்று உணவு விடுதிகள் இன்று பலகை மாட்டுகின்றன. வரவேற்கத் தக்கதே! எனினும், பலகையைக் கண்டவுடன் கைதட்டிவிடுவது பகுத்தறிவாளருக்கு அழகன்று. ஏன் உயர்ந்தது? எவருக்கு நன்மை? கேட்டாக வேண்டும், தோழர்களே!

"நம் மண்ணிலே தோன்றியது, ஆகவே புனிதமானது" என்பர் சிலர். பிறப்பைக் காட்டி உயர்வு பேசும் பழைய நோய், காய்கறிக் கூடையிலும் ஏறி அமர்ந்துகொண்டது போலும்! ரசத்திற்குச் சுவை தரும் தக்காளி எங்கே தோன்றிற்று? குழம்புக்குக் காரம் தரும் மிளகாய்? உருளைக்கிழங்கு? மூன்றும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-க்குப் பின்னரே கடல் கடந்து வந்தவை. மரபு, மரபு என்று மார்தட்டுவோர் மிளகாயை விலக்கிச் சமைப்பரோ? விதை பிறந்த இடத்தை விடுங்கள். வியர்வை சிந்திய இடத்தைப் பாருங்கள்.

2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க அரசு முன்வந்தது. வரத்துப் பெருகியதும் அதே ஆண்டிலேயே விலை மளமளவெனச் சரிந்தது. பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் உழவர்கள் சாலையோரம் கொட்டிச் செல்லும் காட்சி நாம் அறியாததா? காரணம் எளிது. நெல்லைக் குதிரில் இட்டுக் காத்திருக்கலாம். பழுத்த தக்காளி சில நாள்களே தாங்கும். விற்பவனால் காத்திருக்க இயலாது, வாங்குபவனால் இயலும். அந்த ஏற்றத்தாழ்வே விலை பேசுகிறது!

இங்கேதான் உணவு விடுதியின் கடமை எழுகிறது. சாம்பாருக்கும் சட்டினிக்கும் நாள்தோறும் எத்தனை கூடை வேண்டும் என்பதை முதலாளி அறிவார். அந்தக் கணக்கை நடவுக்கு முன்பே பக்கத்து ஊர் உழவரிடம் கூறி, விலையையும் உறுதி செய்யலாகாதா? மிஞ்சுவதைத் தொக்காக்கலாம். மாவடு போட்டு ஆண்டு முழுதும் உண்ண வழி கண்டவர்கள் நம் அன்னையர் அல்லரோ? பருவத்தில் விளையாத பண்டத்தை "இன்று இல்லை" எனச் சொல்லும் துணிவும் வேண்டும்.

"வணிகம் என்ன, அறச்சாலையா?" என்று சீறுவர். இலாபம் வேண்டாமென எவரும் கூறவில்லை. ஆனால், வீழ்ந்த விலையில் அள்ளி வந்து, "உள்ளூர்ச் சரக்கு" எனப் பெயர் சூட்டி, உயர்ந்த விலைக்கு விற்பது எந்த அறம்? பழைய சுரண்டலுக்குப் புதிய பெயர்ப்பலகை, அவ்வளவே!

இளைஞர்களே! இலையின் முன் அமரும்போது, "இது எந்த ஊர்க் காய்?" என்று கேளுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். "விளைவித்தவனுக்கு என்ன கொடுத்தீர்? பறித்தவளுக்குக் கூலி கிடைத்ததா?" என்றும் கேளுங்கள். அந்த வினாவுக்கு நாணாமல் விடை சொல்லும் விடுதியே, பலகை மாட்டும் தகுதி பெற்ற விடுதி.